றக்வானைக் கடைவீதியில் ஒரு விசாரிப்பு

“மாடு செத்தாத்தான் காசா, காணாமப் போனாலும் குடுப்பீங்களா?”

ஹபீஸா இதைக் கேட்டது விஜேந்திரனிடம். அவன் இன்சூரன்ஸ்காரனே அல்ல. றக்வானைக் கடைவீதியில் அவளுடைய அப்பக் கடையில் உட்கார்ந்து, பிளேன்டீ ஒன்றை உறிஞ்சிக்கொண்டே, பலசரக்குக் கடை குமாரவேல் முதலாளியின் மகன் சதீஸைப் பற்றி நைசாக இரண்டு வார்த்தை கேட்டான். “நீங்க யாரு?” என்றாள் அவள். மாட்டு இன்சூரன்ஸ் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

“அது... மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணுங்க.”

“கேட்டுட்டு வாங்க தம்பி. நல்ல மாடு. கொஞ்சம் முட்டும். முட்டு வாங்குன ஆளுக்கும் இன்சூரன்ஸ் ஈக்கா?”

“அதையும் கேட்டுட்டு வர்றேன். அந்த சதீஸ் எப்பிடிங்க?”

“தங்கமான புள்ள. நீங்க வெத்தில போடுவீங்களா?”

“இல்லீங்க.”

“குடி?”

“இல்லீங்க. சதீஸ் குடிப்பாரா?”

“தங்கமான புள்ளன்னு சொன்னேனே. ஒங்களுக்கு எந்த ஊரு?”

“புளத்கொகுபிட்டிய பக்கம்.”

“அம்மா அப்பா?”

“தவறிட்டாங்க. அக்கா மட்டுந்தான். தோட்டத்துல கொழுந்து எடுக்குது.”

“பாவம்,” என்று சொல்லி ஹபீஸா சூடாக ஒரு முட்டை அப்பத்தை அவன் தட்டில் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், மலைப்பாதையின் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது. சதீஸைப் பற்றிக் கிடைத்தது ஒரே வார்த்தை. அவனைப் பற்றி அவளுக்குக் கிடைத்ததோ முழுச் சரித்திரம்.

இதில் வெட்கப்பட வேண்டிய காரணம் உண்டு. விஜேந்திரன் ஆமியின் உளவுப் பிரிவில் இருந்தவன். துப்பாக்கி தூக்கியவன் இல்லை. சிங்களமும் தமிழும் ஒரே நாக்கில் புரளும் என்பதற்காக, வயர்லஸ் பேச்சை ஒட்டுக்கேட்டு மொழிபெயர்க்க இளவயதிலேயே எடுத்துக்கொண்டார்கள். யுத்த நிறுத்தம் வந்த கையோடு விட்டுவிட்டு வந்துவிட்டான். “மல்லி, எப்ப வேணும்னாலும் திரும்பி வா, ஒன் நாற்காலி காலியாத்தான் இருக்கும்,” என்று ஆபீசர் சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொல்லி அனுப்பினார். அந்த நாற்காலியில் மறுபடி உட்காரக்கூடாது என்பது ஒன்றுதான் விஜேந்திரனுக்கு வாழ்க்கையில் அப்போது வேண்டியது.

ஆனால் வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? எங்கே இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? கடைசியில் அக்காவின் சிநேகிதி, இரத்தினபுரியில் கல்யாணத் தரகு பார்க்கும் ராஜம்தான் கைகொடுத்தாள்.

“பொண்ணு குடுக்கிறதுக்கு முந்தி மாப்பிள்ள வீட்டப் பத்தி ஊருக்குள்ள வெசாரிக்கணும். அதுக்கு ஒரு ஆள் வேணும். றக்வானைக்குப் போய் இந்த சதீஸ் வீட்ட வெசாரிச்சுட்டு வா. ஒழுங்கா வந்தா வேல ஒனக்குத்தான். சொதப்பினா வேற எடம் பாத்துக்க.”

“பொண்ணு வீடு எதுங்கக்கா?”

“அது ஒனக்கு வேண்டாம். தெரிஞ்சா ஒளறிருவ.”

விஜேந்திரனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆமியிலும் இதே சட்டம்தான். தேவையானதைத் தவிர வேறெதையும் கேட்கக்கூடாது. சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்லாதீர்கள். பழகிய மாடு பழகிய தொழுவத்தைக் கண்டால் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போகத்தானே செய்யும்.

அடுத்த முறை ஹபீஸாவின் மாட்டுக்குப் பயந்து, கடைவீதியின் மறுபக்கமாக இறங்கி, நாகலிங்கத்தின் சலூனுக்குள் நுழைந்தான். இந்த முறை மாஸ்டர். பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறார், வாடகைக்கு ஓர் அறை தேடுகிறார்.

“சதீஸா? தங்கமான மனுசன்,” என்றார் நாகலிங்கம், கத்தரியை நிறுத்தாமல். “மாஸ்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

எழுந்து ஓடவும் முடியாது. தலை அவர் கையில் இருந்தது.

“கோவம் வருமுங்களா ஒங்களுக்கு?” என்று கேட்டபடி நாகலிங்கம் அவன் காதோரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டார். விஜேந்திரன் கண்ணாடியைப் பார்த்தான். “பரவால்லீங்க, வளந்துரும்,” என்றான். நாகலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டார்.

முடி வெட்டி முடிவதற்குள் சலூன் வாசலில் இரண்டு தாய்மார், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதாம். மாஸ்டர் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்றார்கள். அன்று மத்தியானம் முழுக்க விஜேந்திரன் பஸ் நிறுத்தத்து வாங்கில் உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுத்தான். எதிரே குமாரவேலின் கடை. கல்லாவில் மகள் கிருஷ்ணகுமாரி இருந்தாள். சாமானை நிறுத்துக்கொண்டே அவ்வப்போது இந்தப் பக்கம் பார்த்தாள். இவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது தெரிந்தது. பிள்ளைகளில் ஒருத்தி, “மாஸ்டர், நீங்க சொன்ன விட பிழ,” என்றாள். பிழைதான்.

மூன்றாவது முறை இனி சுற்றி வளைப்பதில்லை என்று முடிவு செய்து நேராகக் குமாரவேலின் கடைக்கே போனான். இரத்தினபுரிக்காரன் என்றால் மாணிக்கக்கல் வாங்க வந்தவன் என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். படியேறி ஒரு கிலோ சீனி என்று சொல்வதற்குள், தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த ஹபீஸா திரும்பினாள்.

“இன்சூரன்ஸ் தம்பி, மாட்டு வெசயம் என்னாச்சு?”

“இன்சூரன்ஸா?” என்றார், வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாகலிங்கம். “அவரு மாஸ்டருங்க.”

“அது வந்து... மொதல்ல இன்சூரன்ஸ்ல இருந்தேன். அப்பறம் மாஸ்டர் ஆனேன்.”

“ஒரு வாரத்துலயா?” என்றார் குமாரவேல். “கெட்டிக்காரப் புள்ளதான். நான் கட போடுறதுக்கு அப்பா காலத்துலருந்து பாடுபட்டேன்.”

மூட்டை தூக்கும் கன்னையா, தோளில் இருந்த கோதுமை மா மூட்டையை இறக்காமல் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார். கிருஷ்ணகுமாரி சீனியை நிறுத்துக் கட்டிக் கல்லாமேல் வைத்தாள்.

“சரி. இன்னைக்கு யாரா வந்திருக்கீங்க?”

மாணிக்கக்கல் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நாளைக்கு ஊரே கல் பொறுக்கிக்கொண்டு வரும். அது மட்டுமில்லை. அந்தப் பெண் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவனிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

“ஆமியில இருந்தேங்க,” என்றான். “காதுல மெசின மாட்டிக்கிட்டு, அங்கிட்டு உள்ளவங்க பேசுறதக் கேட்டு எழுதுற வேல. விட்டுட்டேன். இப்ப வேற வேல பழகுறேன். என்னா வேலன்னு மட்டும் சொல்லக்கூடாது.”

கிருஷ்ணகுமாரி தராசைத் தள்ளி வைத்தாள்.

“ஏன் விட்டீங்க?”

“அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன், அம்மாவுக்கு இருமல் எப்பிடின்னு வயர்லஸ்ல கேட்டான். அப்பிடியே எழுதிக் குடுத்தேன். ஆபீசர், இருமல்னா எந்த ஆயுதம்னு கேட்டாரு. இருமல்னா இருமல்தான் சேர்னு சொன்னேன். நம்பல. இருமல் எந்த ஆயுதம்னு ராவும் பகலும் கூடிப் பேசுனாங்க. கடைசியில ஒரு பீரங்கிக்கு அந்தப் பேர வச்சாங்க. அதுக்கு மேல எனக்கு முடியலீங்க.”

“அந்த அம்மாவுக்கு இருமல் சரியாச்சா?”

“தெரியலீங்க. அந்தப் பையன் அதுக்கப்பறம் பேசல.”

கிருஷ்ணகுமாரி சீனிப் பொட்டலத்தின் நூலை இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு தகப்பனைப் பார்த்து, “அப்பா, இவரு சாப்பிட்டுட்டுப் போகட்டும்,” என்றாள்.

கடைக்குப் பின்னால் வீடு. சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, பொரித்த கருவாடு. முகாமில் தட்டு வந்தால் சாப்பிட்டுப் பழகியவன் விஜேந்திரன். உட்கார்ந்தான், பிசைந்தான், மறுசோறும் வாங்கிக்கொண்டான்.

“இந்தப் புள்ளயோட பெரிய பாடு தம்பி,” என்றார் குமாரவேல், கறியைத் தள்ளி வைத்தபடி. “பொண்ணு பாக்க வர்றோம்னு யார் சொன்னாலும், தட்டத் தூக்கிக்கிட்டு முன்னால வந்து நிக்க மாட்டேங்குது.”

நாத்தனார் கண்டிப்பானவர் என்று விஜேந்திரன் மனதுக்குள் குறித்துக்கொண்டான். பெண் வீட்டாருக்குப் பயன்படும் தகவல்.

கை கழுவக் கன்னையா தண்ணீர் ஊற்றினார். வெளியே வந்தபோது கடைவீதியே அவனைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. பஸ் ஏறும்போது ஹபீஸா ஓடி வந்து, ஒரு பை அப்பத்தை ஜன்னல் வழியாகத் திணித்தாள்.

“கை நனைச்சிட்டீங்க தம்பி. சந்தோசம்.”

பஸ் நகர்ந்தது. விஜேந்திரன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான்.

சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் கை நனைக்கக்கூடாது. தேத்தண்ணி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். தோட்டத்து லயத்து வீடுகளில் வளரும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறை. மெசினைக் காதில் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவன் அதை மறந்து தொலைத்திருந்தான். பெண் வீட்டுக்காக விசாரிக்கப் போனவன், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணை, மறுசோறு வாங்கி, சதீஸுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் ராஜத்தின் முன்னால் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான். ராஜம் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“அது கெடக்கட்டும். சதீஸப் பத்தி என்னா தெரிஞ்சுது?”

“நிறுக்கிறப்ப ஒரு பிடி கூடத்தான் போடுறாங்க அக்கா. கஸ்டப்பட்ட சனம் வந்தா சத்தமில்லாமக் குடுத்து அனுப்புறாங்க. சிரிக்கிறது கொறவு. சிரிச்சா நல்லா இருக்கு.”

“சதீஸா?”

“இல்ல. தங்கச்சி.”

“நான் சதீஸக் கேட்டேன்.”

விஜேந்திரன் யோசித்தான். “தங்கமான மனுசன்,” என்றான்.

ராஜம் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த முகத்தோடு ஆமியில் சேர்ந்திருந்தால் ஜெனரல் ஆகியிருப்பாள்.

“என்னால ஒரு பொண்ணு வாழ்க்க கெட்டுறக்கூடாது அக்கா,” என்றான் அவன். “நானே றக்வானைக்குப் போய்க் கால்ல விழுந்து சொல்லிர்றேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. கொழும்புக்குப் போன் பண்ணி அந்த நாற்காலியவே கேட்டுக்கிறேன்.”

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கன்னையா, குளித்துத் திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, தேங்காய் வெற்றிலை வைத்த தட்டோடு நின்றார். முதல் பஸ்ஸிலேயே வந்திருக்க வேண்டும்.

“முதலாளி குடுத்து விட்டாருங்க ராஜம்மா. நல்ல நாளாப் பாத்துச் சொல்லச் சொன்னாரு.”

விஜேந்திரன் குறுக்கே பாய்ந்தான். “அண்ணே, தட்டக் கீழ வைக்காதீங்க. தப்பு என்னோடது. பொண்ணு வீட்டுக்கு ஒண்ணுமே தெரியாது. தயவு செஞ்சு சதீஸுக்கு நாள் பாக்காதீங்க.”

கன்னையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தட்டை அவன் கையிலேயே கொடுத்தார்.

“சதீஸ் தம்பிக்கு என்னத்துக்குங்க நாளு, அவருக்குத்தான் ரெண்டு புள்ளைங்க இருக்கே, ராஜம்மா சொல்லித் தங்கச்சிக்காக ஊரே சேந்து வெசாரிச்சது ஒங்களத்தானே மாப்பிள்ள.”