துணிக்கொடிப் பயிற்சி

இனிமேல் வாழ்நாளில் எதையும் தொலைப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் முடிச்சு சபதம் செய்தார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, சவர பிரஷ்ஷை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு செய்தார். செய்து முடித்துத் திரும்பினால் சவரக் கிரீமின் மூடியைக் காணோம்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"அந்த ஒண்ணும் இல்லாதது சோப்புப் பெட்டிக்குள்ளே இருக்கு, பாருங்க."

இருந்தது. அதுதான் அவர் மனைவி. வீட்டில் ஒரு பொருள் தொலைவதற்கு முன்பே அது எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவள்.

முடிச்சு என்பது அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் இல்லை. லிஃப்ட் ஒர்க்‌ஷாப்பில் வைத்த பேர். கல்யாணமான முதல் வருஷத்திலேயே மூன்று குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு சைக்கிள் என்று தொலைத்தார். மனைவி அழவில்லை, திட்டவில்லை. கயிறு வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றையிலிருந்து மூக்குக்கண்ணாடிக்குக் கழுத்தில் கறுப்புக் கயிறு. சாவிக்கொத்துக்கு இடுப்பில் சுருள் கம்பி. போனுக்கு மணிக்கட்டில் வார். ஸ்க்ரூடிரைவருக்குச் சட்டைப்பையில் சிவப்பு நாடா. குடையை வைத்துவிட்டு நாலு அடி நடந்தால் குடையும் பின்னாலேயே தரதரவென்று வரும்.

"உன் வீட்டுக்காரி உன்னை வேலைக்கு அனுப்பறாளா, இல்லை பார்சல் கட்டி அனுப்பறாளா?" என்று கேட்டார் மேஸ்திரி. பேர் நிலைத்துவிட்டது.

இப்போது எட்டு மாதக் குழந்தை வேறு. குழந்தை பிறந்ததிலிருந்து மனைவிக்கு எதைக் கண்டாலும் பயம். மின்விசிறியின் மேல் பயம், பால்கனிக் கம்பியின் மேல் பயம், குழந்தை இருமினால் பயம், இருமாவிட்டால் இன்னும் பயம். தூங்கும் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வந்த காரியத்தோடு காரியமாக இவர் மூக்கடியிலும் வைத்துப் பார்ப்பாள். இவர் பாதித் தூக்கத்தில் தும்முவார். "சரி, இருக்கார்" என்று போய்விடுவாள்.

இப்பேர்ப்பட்டவளிடம் போய், "நான் கடலுக்கு அடியில் போகக் கற்றுக்கொள்கிறேன்" என்று எந்தப் புருஷன் சொல்லுவான்?

முடிச்சு சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார். ஆறடி உருவம். ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டுகிற பயிற்சியாளர். ஊரெல்லாம் சுறா என்றுதான் கூப்பிடும். நிஜச் சுறாவுக்குப் பக்கத்தில் நீந்தினவர், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தார். முடிச்சு கதவை நெம்பித் திறந்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன வேணும், கேளு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார்."

"அப்போ கடலைத் தர்றேன். காசு வேண்டாம்."

பிறந்ததிலிருந்து யாரும் அவருக்குக் கடலைக் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டார். மனைவியிடம் மட்டும், "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குழி வேலை" என்றார்.

லிஃப்ட் இருந்தால் அதன் அடியில் குழி இருக்கும். குழியில் இறங்கினால் போன் எடுக்காது. பொய்க்கும் உண்மைக்கும் நடுவே இவ்வளவு கச்சிதமாக ஒரு குழி அமைந்ததே என்று அவருக்கே பெருமை.

மூன்றாவது வாரம் சுறா ஒரு பொருளைக் கையில் கொடுத்தார். சுருட்டி வைத்த ஆரஞ்சு நிற உறை. காற்று நிரம்பினால் ஆள் உயரத்துக்கு நீண்டு நிற்கும் மிதவை. அதன் அடியில் நூல். நூல் சுற்றிய ரீல். ரீலில் ஒரு கொக்கி.

"மேலே வர்றதுக்கு முன்னாடி இதை அனுப்பணும். நீ எங்கே இருக்கேன்னு நம்ம படகுக்காரனுக்குத் தெரியும். மத்த படகுக்காரன் உன் தலை மேல ஏத்தமாட்டான்."

"மாடி நம்பர் விளக்கு மாதிரி."

"அதேதான். முதல்ல அண்ணாந்து பாரு, மேலே யாரும் இருக்கக் கூடாது. அப்புறம் உறைக்குள்ளே கொஞ்சம் காத்து ஊது. விட்டுடு. ரீலைக் கையில லேசாப் பிடி. முக்கியமான விஷயம், கேட்டுக்கோ. கொக்கியை உன் மேல மாட்டவே மாட்டாதே. நூல் சிக்கிச்சுன்னா மிதவை உன்னையும் சேர்த்து ஜிவ்வுன்னு மேலே இழுத்துட்டுப் போயிடும். அவ்வளவு வேகத்துல வந்தா நுரையீரல் தாங்காது."

"சிக்கினா?"

"கையை விடு. ரீல் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

முடிச்சு பலமாகத் தலையாட்டினார். தலை ஆடியதே தவிர விரல் ஆடவில்லை. விரல் அதற்குள் கொக்கியை இடுப்பில் மாட்டிவிட்டிருந்தது. சுறா கழற்றினார். முடிச்சு மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டே மறுபடி மாட்டினார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகு" என்றார் சுறா, கவலையோடு.

வீட்டுக் கதவைத் திறந்தால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி எதிரே நிற்கிறாள்.

"கையில என்னங்க?"

கான்வென்ட் சிஸ்டரிடம் மாட்டிக்கொண்ட இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "துணிக்கொடி" என்றார்.

"இந்த ஆரஞ்சுப் பை?"

"கொடியோட உறை. மழை வந்தா... துணி நனையாம..."

மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழந்தை ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்தது.

"நல்லதாப் போச்சு. நம்ம கொடி இத்துப்போச்சு. வச்சுட்டுப் போங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று முடிச்சுக்கு அன்று தூக்கம் அப்படி வந்தது.

மறுநாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்தால், கூடத்தின் அந்தக் கோடியில் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு மனைவி நிற்கிறாள்.

"ரீலைப் பிடிங்க. கொடி எவ்வளவு தாங்கும்னு இழுத்துப் பார்க்கப்போறேன்."

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? ஓசியில் பயிற்சி. அதுவும் ஒன்றும் தெரியாத மனைவி கையால். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு ரீலைப் பிடித்தார். பழக்கதோஷம், கொக்கியை இடுப்பு வாரில் மாட்டினார்.

அவள் நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். குழந்தையையும் மளிகைப் பையையும் சேர்த்து நாலு மாடி தூக்குகிற கை அது. முடிச்சு கூடத்தைக் குறுக்கே கடந்து, செருப்பு அலமாரியில் தலை கொடுத்து நின்றார். குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

"கொக்கியை ஏங்க மாட்டினீங்க?"

"தொலைஞ்சுடக் கூடாதேன்னு."

"தொலைஞ்சா தொலையட்டும். கயிறு பெரிசா, நீங்க பெரிசா? இன்னொரு தடவை. நான் இழுத்ததும் விட்டுடணும்."

அடுத்த தடவை கொக்கி மாட்டவில்லை. ஆனால் கை விடவில்லை. மறுபடி செருப்பு அலமாரி. மூன்றாவது தடவை சோபா.

"விடுங்கன்னா விடுங்க. உடும்பா நீங்க?"

"கை கேக்க மாட்டேங்குதும்மா."

"கேக்க வைக்கறேன்."

தினமும் நடந்தது. காபி குடிக்கும்போது சட்டென்று இழுப்பாள். பேப்பர் படிக்கும்போது இழுப்பாள். ஒரு துணிக்கொடியை இத்தனை நாள் சோதித்துப் பார்க்கிற பெண்பிள்ளை உலகத்தில் உண்டா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு எதிராளி எப்போதும் ஏமாளியாகத்தான் தெரிவான்.

தோன்றியது வேறு. வியாழக்கிழமை காலை, மனைவி கத்தரிக்கோலோடு வந்து அவர் கழுத்திலிருந்த கண்ணாடிக் கயிற்றை நறுக்கினாள். சாவிச் சுருளைக் கழற்றினாள். போன் வாரை உருவினாள்.

"என்ன பண்றே?"

"சும்மா போயிட்டு வாங்க."

"எதையாவது தொலைச்சுடுவேனே."

"தொலைங்க."

அன்றைக்கே குடையைத் தொலைத்தார். தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னார். "போனாப் போகட்டும்" என்றாள், சிரித்த முகமாக. அடுத்த நாள் டிபன் டப்பாவைத் தொலைத்தார். "பிடிச்சுக்கிட்டே இல்லாம விட்டுட்டு வந்தீங்களே, அதுவே பெரிசு" என்றாள்.

தன்னைக் கைகழுவிவிட்டாளோ என்று முடிச்சுக்குத் தோன்றியது. மேஸ்திரியிடம் போய் மெதுவாகக் கேட்டார். "பொண்டாட்டி திட்டறதை நிறுத்திட்டா என்னண்ணே அர்த்தம்?"

மேஸ்திரி வெகுநேரம் யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்ல இன்னும் நிறுத்தலையே."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துணிக்கொடியை அவசரமாகச் சுற்றி, உறையோடு பைக்குள் ஒளித்துக்கொண்டார். "குழி வேலை" என்று கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்து, "ஆழம் பார்த்து இறங்குங்க" என்றாள். லிஃப்ட் குழி ஆறடிதானே, அதில் ஆழம் என்ன பார்ப்பது என்று ஒரு விநாடி உறுத்தியது. படிக்கட்டு இறங்குவதற்குள் மறந்துவிட்டது.

கடலுக்கு அடியில் எல்லாம் நன்றாகவே போயிற்று. மீன்கள் ஒர்க்‌ஷாப் ஆட்கள் மாதிரி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போயின. திரும்பும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் நின்றார்கள். சுறா கையைக் காட்டினார். அனுப்பு.

முடிச்சு அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் வெளிச்சம். உறையை விரித்தார், ஊதினார், விட்டார். ஆரஞ்சு மிதவை நிமிர்ந்து எழுந்து, பள்ளிக்கூட மணி அடித்த பிள்ளை மாதிரி ஓடியது. ரீல் விர்ரென்று சுற்றியது. அழகு. பாதி வழியில் கட்டென்று நின்றது. வீட்டில் அவசர அவசரமாகச் சுற்றி வைத்த நூல், ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டுவிட்டது.

மிதவை இழுத்தது. கை மேலே போனது. தோள் போனது. உடம்பு கிளம்பியது. அவருடைய இடது கை, அஞ்சு வருஷப் பழக்கத்தோடு, கொக்கியைத் தேடிப் பிடித்து காற்றுக் குப்பியைத் தாங்கும் சட்டையின் மார்பு வளையத்துக்குக் கொண்டுபோனது.

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் கேட்டது. கடலுக்கு அடியில் யார் பேசினாலும் கேட்காது. இது கேட்டது.

விடுங்கன்னா விடுங்க. உடும்பா நீங்க?

விரல்கள் திறந்துகொண்டன. ரீல் பறந்துபோயிற்று. முடிச்சு இருந்த இடத்திலேயே மிதந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. மூச்சு உள்ளே வந்தது, வெளியே போனது. அதுவரை அதை அவர் ஒரு சொத்தாக நினைத்ததில்லை.

சுறா அவர் தோளைத் தட்டிவிட்டுத் தன்னுடைய மிதவையை அனுப்பினார். காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்து, அந்த நூலோரமாக, நல்ல லிஃப்ட் மாதிரி, குலுக்கல் இல்லாமல் மேலே வந்தார்கள்.

படகின் ஏணியைப் பிடித்தார். மேலேயிருந்து ஒரு கை ஆரஞ்சு மிதவையையும் ரீலையும் நீட்டியது.

"இது உங்களுதுதானே?"

மனைவி. ஒரு உயிர்காப்புச் சட்டைக்கு மேல் இன்னொரு உயிர்காப்புச் சட்டை. முகம் வெளுத்திருந்தது. மறு கையால் படகின் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் கம்பிதான் பாவம்.

"நீ... நீ எப்படி... குழந்தை?"

"எதிர்வீட்டு அக்கா கிட்ட. நீங்க தண்ணிக்குள்ளே இறங்கினப்புறம் வேற படகுல வந்து இதுல ஏறினேன். மேலே வாங்க முதல்ல."

ஏறினார். நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்தார். "எப்போ தெரியும்?"

"முதல் ஞாயித்துக்கிழமையே. வீட்ல துணி துவைக்கறது யாரு? குழியில இறங்கினவர் சட்டையில பொட்டு கிரீஸ் இல்லை. காதுக்குப் பின்னால மணல் மட்டும் இருக்கு."

"எங்கேன்னு..."

"துணிக்கொடி உறையில பயிற்சிக் கடையோட போன் நம்பர் இருந்துதே. துணிக்கொடிக்கு எதுக்குங்க போன் நம்பர்?"

சுறா சட்டென்று ஒரு காற்றுக் குப்பியை ஆராயத் தொடங்கினார்.

"தடுத்திருக்கலாமே."

"அழுதுகிட்டேதான் இவர் கடைக்குப் போனேன், தடுக்கறதுக்கு. இவர் உங்களைப் பத்திச் சொன்னார். தண்ணிக்குள்ளே போனா நீங்க சிரிக்கறீங்களாம். வீட்ல நீங்க சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு. சரி, இதுல எது ஆளைக் கொல்லும், அதை மட்டும் சொல்லுங்கன்னேன். ரீலை மேல மாட்டிக்கறதுன்னார்." அவள் குரல் இறங்கியது. "எனக்குக் கை காலே ஓடலை. எதையும் விடாதீங்க, கட்டிக்கோங்கன்னு அஞ்சு வருஷமாச் சொல்லிக் கொடுத்தது நான்தானே."

அப்புறம், படகுக்காரன் பார்க்கிறானே என்ற வெட்கம்கூட இல்லாமல், அவர் மூக்கடியில் விரலை வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். முடிச்சு தும்மவில்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று தன்னால் முடிந்த அளவு நீளமாக மூச்சு விட்டுக் காட்டினார்.

"சரி, இருக்கார்" என்றாள்.

அவருக்கு எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. "செருப்பு அலமாரிக்கும் சேர்த்து நன்றிம்மா" என்பதுதான் வாயில் வந்தது. "இனிமே உன்கிட்ட எதையும் மறைக்கமாட்டேன். நீ என்ன சொன்னாலும் சரி."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

மனைவி மேலே போட்டிருந்த ஒரு உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். தண்ணீரை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பயந்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை குழந்தையை நீங்க பார்த்துக்கங்க. எனக்குக் குழி வேலை இருக்கு."