ஈர்க்குச்சிக்கு அனுமதி இல்லை

"வேணாம்ணா. சொன்னா கேளுங்க."

அஜீசுன்னிசா கதவை முக்கால்வாசி சாத்தி, மிச்சமிருந்த இடைவெளியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். ஜெயவேல் கையில் ஒரு பை சாத்துக்குடி. அதை நீட்டினார். பை உள்ளே போனது. ஜெயவேல் வெளியிலேயே நின்றார்.

"ஒரே ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்துட்டுப் பூட்றேம்மா. பேசக்கூட மாட்டேன்."

"அதாண்ணா வேணாங்கறேன்."

"டாக்டரு யாரையும் உள்ள வுடக்கூடாதுன்னாரா?"

"ஆமாண்ணா. யாரையும்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சுப்புராஜ் அண்ணாச்சி மீசையில் ஒட்டிய டீயைத் துடைத்தபடி வெளியே வந்தார். தெருமுனையில் ஷாமியானா, நாற்காலி, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது.

"அட, வேலுவா? உம்ம கூட்டாளி நல்லாத்தான் பேசுதாரு. அரை மணி நேரமா ஒரே அரசியல்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணுடே. உம்ம பேரை எடுத்தேன் பாரு, சட்டுனு போர்வையால மூஞ்சிய மூடிக்கிட்டாரு," என்றார்.

ஜெயவேல் அஜீசுன்னிசாவைப் பார்த்தார். அவள் சாத்துக்குடியைப் பார்த்தாள்.

"நான் மட்டுந்தான் வரக்கூடாதா?"

அவள் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீறேண்ணா," என்றாள் அவள். கதவு முழுசாகச் சாத்திக்கொண்டது.

கொருக்குப்பேட்டையில் ஜெயவேலையும் அஜீசுன்னிசாவின் புருஷன் ஹுமாயூனையும் பிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் பீப்பா, ஈர்க்குச்சி என்று இரண்டு சிரிப்பு நடிகர்கள் ஜோடியாக நடித்தார்கள். பீப்பா குண்டு, ஈர்க்குச்சி ஒல்லி. ஹார்பரில் மூட்டை தூக்கப் போன முதல் நாளே மேஸ்திரி ஹுமாயூனையும் ஜெயவேலையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பீப்பாவும் ஈர்க்குச்சியும் வந்துட்டானுங்கப்பா!" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இருவருக்கும் தலை நரைத்து வேலையை விட்ட பிறகும் உரியவில்லை.

அவர்களுக்கும் அதில் வருத்தமில்லை. அந்த ஜோடி மேல் அவ்வளவு பிரியம். அதுவும் ஆரம்பத்தில் எடுத்த படங்கள்தான். பின்னால் வந்த கலர் படங்களில் ஆளுக்கொரு கதாநாயகி, ஆளுக்கொரு பாட்டு, கடைசியில் ஊருக்கெல்லாம் உபதேசம். முதல் படங்களில் அந்த வம்பே கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேலை கிடைக்கும். படம் முடிவதற்குள் அதைக் கெடுத்துவிடுவார்கள். விழுவார்கள், எழுவார்கள், நீதான் நீதான் என்று அடித்துக்கொள்வார்கள். ஆனால் கடைசியில் ஒருத்தன் தோளில் ஒருத்தன் கையைப் போட்டுக்கொண்டு நடந்து போவார்கள். எதைக் கெடுத்தாலும் அந்தக் கையை மட்டும் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

அதிலும் 'பீரோ படம்' என்று இருவரும் சொல்கிற படம் ஒன்று உண்டு. ஈர்க்குச்சி ஒரு பீரோவுக்குள் படுத்துத் தூங்கிவிடுவான். அது தெரியாமல் பீப்பா அந்தப் பீரோவைக் கைவண்டியில் வைத்து ஊரெல்லாம் இழுப்பான். "வெயில்ல இரும்பு கனத்துப்போச்சு," என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்வான்.

வினையும் அந்தப் படத்தால்தான் வந்தது.

ஹுமாயூனுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. என்ன ஆபரேஷன் என்று கேட்டால், "வயித்துல ஒரு சின்ன வேலை, வுடு மாமு," என்று மழுப்பிவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் டீக்கடையில் வழக்கம்போலப் பேச்சு பீரோ படத்துக்குப் போனது.

"வண்டிய இழுக்கறது யாரு? பீப்பா. அப்ப படத்த இழுக்கறதும் அவன்தான்," என்றான் ஹுமாயூன்.

"உள்ள குந்திகினு கனக்கறது யாரு? ஈர்க்குச்சி! அவன் இல்லாட்டி அது வெறும் பீரோ."

"பீப்பா இல்லாட்டி உன் ஈர்க்குச்சி பீரோலயே கெடந்து மக்கிப்பூடுவான், கய்தே!"

"போடா! பீப்பா செத்தே பூட்டாலும் ஈர்க்குச்சி தனியா நின்னு படத்த ஓட்டுவான்டா!"

சொன்ன பிறகுதான் ஜெயவேலுக்கு ஆபரேஷன் ஞாபகம் வந்தது. ஹுமாயூன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு ஜெயவேல் ஓடினார். நோயாளியைப் பார்க்கப் போகிறோமே என்று வாழ்க்கையில் முதல்முறையாக முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கட்டில் ஓரம் நின்றார். ஹுமாயூன் ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்தான். அவன் கன்னம் உப்பியது. கண்ணில் தண்ணீர் திரண்டது. வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திரும்பி, தலையணையை வாயில் திணித்துக்கொண்டான். அந்தப் பெரிய முதுகு குலுங்கியது. அஜீசுன்னிசா ஓடி வந்து ஜெயவேலின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்துதான் இந்தத் தடை.

"அயுவுறான் சொக்கு," என்றார் ஜெயவேல், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து. "என்னப் பாத்து அயுவுறான். வயித்துல கட்டிதான். சத்தியமெல்லாம் வாங்கி மறைக்கிறானுங்கன்னா வேற இன்னாவா இருக்கும்? சாவப் போறவன் மூஞ்சிக்கு நேரா சாவுன்னு சொல்லிட்டேன்."

அவர் மனைவி சொக்கம்மாள் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "இம்மாம் வருசத்துல அந்தாளு உங்கிட்ட இன்னா கேட்டுக்கீறாரு? சிரிப்பு காட்டுன்னு கேட்டுக்கீறாரு. அத்தப் பண்ணித் தொலையேன். சோத்துல கண்ணீர வுட்டுக்கினு."

ஜெயவேலுக்கு அது சரியாகப் பட்டது. ஹுமாயூன் கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை அவன் சிரிப்பதைக் கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மறுநாள் அண்ணாச்சியைப் பிடித்தார். தன் போனில் பீரோ படத்தைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க உள்ள போலாம்ல? அவனாண்ட குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. இத்தத் தொட்டாப் போதும், ஓடும்."

"இம்புட்டுத்தானடே," என்று அண்ணாச்சி உள்ளே போனார். நடுவில் ஏதோ விளம்பரம் வந்திருக்கிறது. அண்ணாச்சி அதைத் தள்ளிவிடுகிறேன் என்று எங்கெங்கேயோ தொட்டிருக்கிறார். வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஜெயவேலுக்கு உள்ளிருந்து கேட்டது பீரோ படம் இல்லை. கலர் படம். அதிலும் பீப்பா செத்துப்போய், ஈர்க்குச்சி சுடுகாட்டில் தனியாக நின்று பாடுகிற பாட்டு.

"ஐயோ! மாத்துங்க அண்ணாச்சி!" என்று ஜெயவேல் கதவைத் தட்டினார்.

"மாத்தத் தெரியலியே வேலு! சத்தந்தான் கூடுது!"

பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. அஜீசுன்னிசா போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா இது? சாவுற படத்தப் போய் அனுப்பிக்கீறீங்க!"

"தங்கச்சி, அது அண்ணாச்சிதான்..."

கதவு சாத்தியது.

ஜெயவேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து லைனில் கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் சொன்னதைப் பாட்டு வைத்து வேறு சொல்லியாகிவிட்டது.

"மனசை விடாத," என்றார் அண்ணாச்சி. தன் கைப்பிசகு அவரையும் குத்தியிருக்க வேண்டும். "கடையில புரொஜெக்டர் கெடக்கு. கிரிக்கெட் மேட்ச் காட்ட வாங்குனது. அவரு சன்னல் சந்துப்பக்கந்தான இருக்கு? எதுத்த சுவத்துல வேட்டியக் கட்டிப் படத்தை ஓட்டுவோம். படுத்த வாக்குலயே பாக்கட்டும்."

பொழுது சாய்ந்ததும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைக் கொண்டுவந்து சந்தில் நிறுத்தினார்கள். அதன் பலகைமேல் புரொஜெக்டர். ஒரு ஸ்பீக்கர். எதிர்ச்சுவரில் எட்டு முழ வேட்டி. பீரோ படம் ஓட ஆரம்பித்தது.

சந்து நிரம்பிவிட்டது. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளைகள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பீப்பா வண்டியை இழுக்கத் தொடங்கியதும் கெக்கெக்கே என்று சிரித்தன. எத்தனை வருஷம் கழித்தும், இன்னாருக்கென்று இல்லாமல், அந்தப் படம் வேலை செய்தது.

ஒரே ஒருத்தனுக்குத்தான் வேலை செய்யவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹுமாயூனின் முதுகுதான் தெரிந்தது. உள்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

"இந்தப் பக்கம் பாக்க மாட்றானே அண்ணாச்சி."

"அப்பம் அவரு பாக்குத பக்கத்துக்குப் படத்தைத் திருப்பிருவோம்," என்று அண்ணாச்சி புரொஜெக்டரை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினார்.

படம் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே போனது. ஆனால் சுவருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில், வெள்ளைப் போர்வை போர்த்திய ஹுமாயூனின் முதுகிலேயே விழுந்தது. அவ்வளவு பெரிய முதுகு. பீரோ, வண்டி, பீப்பா எல்லாம் அதில் அழகாக அடங்கின. அந்த முதுகு நடுங்கியது. பீப்பாவும் சேர்ந்து நடுங்கினான்.

"அயுவுறான்! நிறுத்துங்க!"

"எதைத் தொட்டா நிக்கும்னு மறந்துபோச்சே!"

ஜெயவேல் வண்டிமேல் ஏறினார். வெளிச்சத்தைக் கையால் மறைத்தார். கையின் நிழல் அந்த முதுகெல்லாம் ஓடியது. ஜன்னல் கதவையாவது வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிடலாம் என்று எட்டிக் கம்பியைப் பிடித்தார். மீன்பாடி வண்டிக்கு பிரேக் கிடையாது என்பது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். எட்டிய வேகத்தில் காலால் உந்திவிட்டார். வண்டி, புரொஜெக்டர், ஸ்பீக்கர், அதைப் பிடிக்க ஓடிய அண்ணாச்சி, எல்லாமாகச் சந்தின் சரிவில் போயின. "யாராவது பிடிங்கடே!" என்ற குரல் தேய்ந்து தேய்ந்து போனது.

ஜெயவேல் மட்டும் ஜன்னல் கம்பியில் தொங்கினார். கால் தரைக்கு எட்டவில்லை. லுங்கியின் ஒரு முனை வண்டியோடு போய்விட்டது. மிச்சமும் அதன் பின்னாலேயே போனது. பட்டாபட்டி டிராயரோடு தொங்கியவர், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முகத்தைப் பதித்துக்கொண்டு சொன்னார்:

"நைனா... ஹுமாயூனு... மன்னிச்சுடுடா. பீப்பா இல்லாம ஈர்க்குச்சி ஒண்ணும் கிழிக்க மாட்டான்டா."

ஹுமாயூன் திரும்பினான். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அவன் வாய் திறந்தது. ஆனால் வந்தது பேச்சில்லை. சங்கு ஊதினாற்போல ஒரு சத்தம். உடனே, "யம்மா!" என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வெள்ளைப் போர்வையில் சிவப்பாக ஒரு பொட்டு. பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"கொன்னுட்டேன்," என்றார் ஜெயவேல், தொங்கியபடியே.

ஆட்டோவில் ஹுமாயூனைத் தூக்கிப் போட்டார்கள். அஜீசுன்னிசா கூட ஏறினாள். ஜெயவேலும் ஏறப் போனார். "நீங்க மட்டும் வேணவே வேணாம்!" என்று அவள் கத்தின கத்தலில் டிரைவரே பயந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். ஜெயவேல் யாரோ கொடுத்த துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை பின்னாலேயே ஓடினார்.

அங்கே ஒரு கதவு. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்தது. வெளி பெஞ்சில் அஜீசுன்னிசா தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளும் குலுங்கியது. அவளைப் பார்க்கும் தைரியம் ஜெயவேலுக்கு இல்லை.

கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். மேசைமேல் ஹுமாயூன். அவன் தலை இந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த கணம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

ஜெயவேல் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். சாகிற நேரத்திலும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையே. துண்டை இறுக்கிக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். தோளில் போட ஒரு கை இல்லாமல் இனி எந்த டீக்கடைக்குப் போவது, எதற்காகப் போவது என்று நினைத்தார். நினைத்து முடிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. கையுறையோடு ஒரு நர்ஸ் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஈர்க்குச்சிங்கறது யாரு?"

ஜெயவேல் எழுந்து, கை கூப்பினார். "நான்தாம்மா. பூட்டானா?"

"குடலிறக்க ஆபரேஷன் தாத்தா, சிரிச்சா தையல் பிரிஞ்சிடும்னு அப்பவே சொன்னோம்; தெரிஞ்சா நீங்க வேணும்னே சிரிப்பு காட்டுவீங்கன்னு உங்ககிட்ட மறைச்சிருக்காரு; உங்க மூஞ்சியப் பாத்தா அவரால சிரிக்காம இருக்க முடியல, தயவுசெஞ்சு அந்தக் கண்ணாடிய விட்டுத் தள்ளி நில்லுங்க, இது மூணாவது தடவ தைக்கிறோம்!"