எழுபது வளைவுக்கு மேல் ஒரு பாய்மரப் படகு

இந்த உலகத்தில் பாய்மரப் படகு வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். அதை எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏற்றி, மிளகு காயும் களத்தில் நிறுத்தி, ஒரு சொட்டுக் கடலைக்கூடக் காட்டாமல் வருஷக்கணக்கில் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் கப்பக்காரர் ஒருவர்தான். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. படகு வந்த நாளோடு அது ரேஷன் கார்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கப்பல்காரர் என்று ஆரம்பித்து, ஊர் வாயில் கப்பக்காரர் ஆகி நிலைத்துவிட்டார்.

கொல்லிமலையில் ஒரு சின்ன அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து நான் போனபோது, தேவனூர் நாடு என்ற ஊரில் அவர் வீட்டு முன்னறைதான் வாடகைக்கு அகப்பட்டது. வீட்டைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், களத்தில் இரும்புத் தாங்கி மேல் நின்ற படகைக் காட்டினார். கடைசியில் என் பைக்கைப் பார்த்து, "ஆயில் பாத்து எத்தன நாளாச்சு கண்ணு?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. "அப்ப ரூமு அப்பறம். மொதல்ல அதப் பாப்போம்" என்று குந்திவிட்டார். நான் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

அவர் படகு வாங்கிய கதையை அவர் சொல்லமாட்டார். அவர் மனைவி சரசக்காதான் சொல்வார், அதுவும் கேட்காமலே. மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்ற ஒரு பழைய லாரி வாங்கி வருகிறேன் என்று கடலூர்ப் பக்கம் போனாராம். அங்கே ஒரு முற்றத்தில், யாரோ வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போன படகு ஏலத்துக்கு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தவர் அந்தச் சின்ன டீசல் இன்ஜினைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

"லாரி எங்கீங்கன்னு கேட்டேன் தம்பி. 'அதுலதான் புள்ள வந்துது'ன்னாரு. வாடகை லாரி. எறக்கிப் போட்டுட்டு அது போயிருச்சு. இது நின்னுபோச்சு."

படகு ஏறிய கதையைவிடப் பாய்மரம் ஏறிய கதை பெரிது. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி முதல் வளைவிலேயே அந்த நீளமான கம்பம் லாரியோடு திரும்ப மறுத்துவிட்டது. கழற்றி, ஆட்களைத் திரட்டி, திருவிழாவுக்கு மரம் சுமப்பது போலத் தோளில் ஏற்றி நடந்தார்கள். எந்தக் கோயில் விசேஷம் என்று தெரியாமலே பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிக் கும்பிட்டார்களாம். கப்பக்காரர் அவர்களுக்கெல்லாம் திருநீறு கொடுத்தார் என்றுகூடச் சரசக்கா சொல்வார். அதை நான் பாதிதான் நம்புகிறேன்.

படகு மிளகுக் களத்தின் பாதியை அடைத்துக்கொண்டது. சரசக்காவுக்கு அதுதான் பெரிய குறை. மிளகு பறித்தால் எங்கே காய வைப்பது? நாலு நாள் சண்டை போட்டுவிட்டு ஐந்தாம் நாள் ஏணி போட்டுப் படகின் மேல்தளத்தில் ஏறி, மிளகைக் கொட்டி நிரவிவிட்டார். வெயில் நன்றாக விழும், கோழி ஏறாது. உலகத்திலேயே மிளகு காயும் பாய்மரப் படகு அதுவாகத்தான் இருக்கும்.

படகின் ஒரு இழுப்பறையில் இங்கிலீஷ் கையேடு ஒன்று கிடந்தது. புதிதாகப் பாய்மரப் படகு வாங்கியவர்களுக்கான டீசல் இன்ஜின் அடிப்படைப் பராமரிப்பு. நான் குடிவந்த முதல் வாரமே அது என் மடிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் நான் படிக்கவேண்டும், அவர் கேட்பார்.

"துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன்..." என்று ஆரம்பிப்பேன்.

"அது நமக்கு எது கண்ணு?"

"களம்னு வச்சுக்கங்கண்ணா."

"செரி. களத்த உட்டுக் கெளம்பறக்கு முன்ன. மேல படி."

டேங்கை எப்போதும் நிரப்பி வைக்கவேண்டும், காலியாக விட்டால் உள்ளே காற்று குளிர்ந்து தண்ணீர் கோத்து டீசலைக் கெடுக்கும் என்று கையேடு சொன்னது. கொல்லிமலைப் பனிக்கு அது ரொம்பப் பொருந்தும் என்று அவர் உடனே டீசல் கிடைக்கும் செம்மேட்டுக்குக் கேனோடு கிளம்பினார். "ஓடாத வண்டிக்கு டேங்க் நெப்பற மனுசன நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று சரசக்கா என்னைக் கேட்டார். பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் ரகமில்லை அவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் களத்தில் வகுப்பு ஆரம்பித்தார். புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கான வகுப்பு. அந்த மலையில் புதிதாகப் படகு வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்பதால், மாணவர்களாக அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வரகும் சாமையும் விளைவிப்பவர்கள். டீக்காகத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த பட்டத்தில் அவர்களுடைய டீசல் பம்பு செட்டும் உழவு மெஷினும் முதல் இழுப்பிலேயே கிளம்பியதும் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

பாடம் எப்போதும் ஒன்றுதான். "ஆயிலப் பாக்கோணும். பெல்ட்ட விரல்ல அமுக்கோணும், எலாஸ்டிக் மாதிரி தொங்குனா மாத்தோணும். டீசல் பில்டரு அடியில தண்ணி நிக்குதான்னு தொறந்து வடிக்கோணும். பில்டர மாத்துனா உள்ள காத்து பூந்துக்கும், அந்தக் காத்த எடுக்காம எத்தன தடவ சாவி திருப்புனாலும் கெளம்பாது. அப்பறம் இது டிராக்டர் மாதிரி இல்ல. வெளித் தண்ணிய உறிஞ்சிச் சூட்டக் கொறைக்கும். உள்ள வார வழியில டீ வடிகட்டி மாதிரி ஒண்ணு இருக்குது. அதுல பாசி கீசி அடைச்சா இன்ஜின் செத்துப்போச்சு."

கடைசியில் எழுந்து நிற்பார். குரல் மாறும். "கெளப்புனதும் ஊரே முன்னாடி பாக்கும். படகுக்காரன் பின்னாடிதான் பாக்கோணும். பொகக் கொழாயில தண்ணி துப்புதா? துப்பலீன்னா அந்த நிமிசமே அமத்திரோணும்."

களத்தில் கடலுக்கு எங்கே போவது? ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் குழாயை அதில் விட்டுவைத்திருந்தார். வாரம் ஒருமுறை இன்ஜினைக் கிளப்புவார். பின்னால் நின்று பார்க்கும் உத்தியோகம் சரசக்காவுக்கு.

"துப்புதா?" என்று உள்ளிருந்து சத்தம் வரும்.

"துப்புதுங்க. என்ற மொளகு மேலதான் துப்புது." தளத்தில் இடம் போதாமல் கீழே பாயில் கொட்டியிருந்த மிளகைத்தான் சொல்வார்.

வெளியூர் போனாலும் மனிதர் அடங்கமாட்டார். சேந்தமங்கலம் போகும் பஸ்ஸை டீக்கு நிறுத்தினால் டிரைவரிடம் போய் ஆயில் பார்க்கலாமா என்பார். "இது கவர்மெண்ட்டு பஸ்ஸுங்க" என்றார் ஒரு டிரைவர். "கவர்மெண்ட்டுக்கு ஆயில் வேண்டாமுங்களா?" என்று இவர் கேட்டார். சொந்தக்காரப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போனார்கள். எல்லோரும் பஜ்ஜி தின்னும் நேரத்தில் இவர் மாப்பிள்ளையின் கார் பானெட்டுக்குள் இருந்தார். திரும்பி வந்து சபையில் சொன்னார்: "பையன் குடிக்க மாட்டானாட்டம் இருக்குது. காருதான் குடிக்குது, ஆயில." அந்தச் சம்பந்தம் எப்படியோ கூடிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையே காரைக் கொண்டுவந்து களத்தில் விட்டார்.

கையேட்டில் இல்லாத வேலை ஒன்றை அவர் செய்தது ஒரே ஒரு தடவைதான். ஒரு ஆடி மாதம், பாய் பூஞ்சை பிடித்துவிடும் என்று அதைக் கம்பத்தில் ஏற்றிக் காயப்போட்டார். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். படகு நகராதா? தாங்கியோடு தள்ளிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைப் பெயர்த்துவிட்டு நின்றது. உள்ளே குளித்துக்கொண்டிருந்தவன் நான். சோப்பு நுரையோடு நின்ற என்னைப் பார்த்து, "ஓடுது பாத்தியா கண்ணு" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை.

சரசக்காவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் அந்த வார்த்தை வந்தது. "ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கங்க. ஐப்பசி மழைக்கு ஏரி நெம்பும். அதுல இது ஓடுச்சுன்னா செரி. ஓடலீன்னா தை பொறந்ததும் எடைக்குப் போட்டுருவேன். எனக்கு என்ற களம் வேணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து பழைய இரும்புக்காரர் ஒருவரை வரவழைத்தார். அவர் படகைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கப்பக்காரர் திண்டாடிப்போனார். "தட்டாதீங்க, அது என்ன தேங்காயா?" என்று குறுக்கே போய் நின்றார். அன்று ராத்திரி கையேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னார். நான் படித்தேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை, படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. ஊரில் சம்மதம் கேட்டு, டிராக்டர் டிரெய்லரில் படகை ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனோம். மலையே திரண்டு வந்திருந்தது. இரும்புக்காரரும் தராசு வண்டியோடு வந்து ஓரமாக நின்றார்.

புது வண்டி என்றால் பூஜை போடாமல் எடுப்பதுண்டா? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். படகுக்குச் சக்கரம் இல்லை. டிரெய்லர் சக்கரத்தில் வைத்தால் பலன் டிராக்டர்காரருக்குப் போய்விடும் என்று ஒருவர் தகராறு செய்தார். கடைசியில் பழங்களைப் படகுக்கு முன்னால் தண்ணீரில் விடுவது, படகு அதன் மேல் ஏறிப் போகட்டும் என்று முடிவானது. பழங்கள் மிதந்து தம் வழியே போயின. பூசணிக்காய் உடைத்தார்கள். தேருக்குப் போடுவது மாதிரி மாலை போட்டார்கள். வகுப்புக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கூடை செண்டுமல்லியை உதிர்த்துப் படகைச் சுற்றித் தூவினார்கள். தண்ணீரே மஞ்சளாகிவிட்டது.

சரசக்கா ஏறமாட்டேன் என்றார். "பின்னாடி பாக்க ஆளு வேணுமில்ல புள்ள?" என்றார் கப்பக்காரர். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. நீச்சல் பழகும் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் காலி கேனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். கையேட்டோடு நானும் ஏறினேன்.

ஆயில் பார்த்தார். பெல்ட் அமுக்கினார். டீசலில் தண்ணீர் வடித்தார். தண்ணீர் வால்வைத் திறந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பி டுக்டுக்கென்று பாட ஆரம்பித்தது. கரையில் குலவைச் சத்தம் எழுந்தது. படகு நகர்ந்தது. கப்பக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நின்று, ஊரைப் பார்த்துக் கையசைத்தார். அத்தனை வருஷம் பின்னாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்த மனிதர் முன்னாடி மட்டும்தான் பார்த்தார்.

"துப்பலீங்க" என்றார் சரசக்கா.

"துப்பும் புள்ள. சித்த இரு."

இன்ஜின் சத்தம் தொண்டை கட்டியது போல் மாறிக்கொண்டிருந்தது. "துப்பலீன்னா அந்த நிமிசமே அமத்தோணும்னு நீங்கதான சொன்னீங்க" என்று சொல்லிக்கொண்டே சரசக்கா நிறுத்தும் குமிழை இழுத்துவிட்டார்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே படகு அனாதையாக நின்றது. குலவை நின்றுபோனது. கரையில் இரும்புக்காரர் தராசைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது. கப்பக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போச்சு புள்ள. தை மாசமெல்லாம் எதுக்கு. நாளைக்கே எடைக்குப் போட்டுரு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கையேட்டைப் புரட்டினேன். எந்தப் பக்கமும் கண்ணில் நிற்கவில்லை.

சரசக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "மொதல்ல வால்வ மூடுங்க" என்றார். கப்பக்காரர் மூடினார். சரசக்கா கேனோடு குனிந்து வடிகட்டியின் மூடியைத் திருகித் திறந்து உள்ளே கை விட்டார். கை நிறையச் செண்டுமல்லி வந்தது. ஊரே தூவிய பூவை இன்ஜின் விடாமல் உறிஞ்சியிருந்தது.

"பாசி வரும்னு சொன்னீங்க. பூ வந்திருக்குது" என்றார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடியை இறுக்கி, வால்வைத் தானே திறந்தார். "அந்த மூங்கிக் கழிய ஊனிப் படகப் பூவத் தாண்டித் தள்ளு தம்பி. அப்பறம் கெளப்பலாம்." வகுப்பு நேரத்தில் தளத்தில் உட்கார்ந்து மிளகு கிளறியவர் மிளகை மட்டும் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் தள்ளினேன். கப்பக்காரர் கிளப்பினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார்: "துப்புதா?"

பின்னால் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "துப்புதுங்க மாமா" என்றார் சரசக்கா. மாமா என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். "இன்னொரு சுத்துப் போங்க."

கரைக்கு வந்ததும் முதலில் ஓடிவந்தவர் இரும்புக்காரர்தான். தன்னையும் ஒரு சுற்று ஏற்றிப் போகச் சொன்னார். அவரை வெறுங்கையோடு அனுப்பச் சரசக்காவுக்கு மனமில்லை. மறுநாள் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, படகு நின்ற இரும்புத் தாங்கியை எடைக்குப் போட்டார். கப்பக்காரர் பதறிவிட்டார்.

"இனி படகு எங்க புள்ள நிக்கும்?"

"படகு நிக்கற எடமா களம்? மொளகு எடுத்ததும் அதக் கடலுக்குக் கொண்டுபோங்க. நானும் வாரேன். பின்னாடி ஆரு பாக்கறது?"

ஒரு லாரியில் மரவள்ளி மூட்டைகளின் மேல் படுத்தபடி படகு எழுபது வளைவையும் இறங்கிப் போனது. இப்போது வருஷா வருஷம் மிளகு அறுவடை முடிந்ததும் இரண்டு பேரும் கடலூர்ப் பக்கம் ஒரு உப்பங்கழிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே புதிதாகப் படகு வாங்கிய நாலைந்து பேர் நிஜமாகவே இருக்கிறார்களாம். ஞாயிறு வகுப்பு நடக்கிறது. படகில் இன்னும் மிளகு வாசம் போகவில்லையாம்.

எனக்கு மாற்றலாகிச் சமவெளிக்கு வந்து நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பின்னால் இன்ஜின் டுக்டுக்கென்னும். அதற்கும் பின்னால், "துப்புதுங்க, துப்புதுங்க" என்று சரசக்காவின் குரல் கேட்கும். சாப்பிட்டாயா என்று கப்பக்காரர் கேட்கமாட்டார்.

"ஆயில் பாத்தியா கண்ணு?"

பைக்கை விற்றுவிட்டு நான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியாகிவிட்டது. அதற்கு ஆயிலும் கிடையாது, பார்க்கிற குச்சியும் கிடையாது. ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் குந்தி எழுந்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

"பாத்துட்டேனுங்கண்ணா."