ரோஜாவுக்கு ஒரு துணை

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கௌரம்மா சாக்கு கேட்டபோது, சாமிநாதன் ரோஜாச் செடிக்கு இன்னொரு வாளித் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கு, சாக்கு" என்றார் கௌரம்மா. ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருந்தது, இன்னொரு கை காற்றில் ஆடியது.

கௌரம்மா கன்னடக்காரர் என்றாலும் குடித்தனக்காரர்களிடம் தமிழில்தான் பேசுவார். ஆகவே கோணிச்சாக்கைத்தான் சொல்கிறார் என்று சாமிநாதனுக்குப் பட்டது. எலெக்ட்ரானிக் சிட்டி வெயிலில் மண் காயாமலிருக்க ஈரச்சாக்கு போர்த்தினால் நல்லதுதானே. குடியிருப்பவன் வைத்த செடிக்காக வீட்டுக்காரம்மா கவலைப்படுவது லேசில் நடக்கிற காரியமா? அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தார். பின்னால் சமையலறை ஜன்னலில் அவர் மனைவி தமயந்தி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த முகத்துக்காகத்தான் இத்தனை பாடும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த சாமிநாதன் ஓய்வு பெற்ற கையோடு, மகள் கிருத்திகாவோடு இருக்கலாம் என்று இருவரும் திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் வந்தார்கள். மகள் காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். தமயந்திக்குப் பேச ஆள் இல்லை. வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்: "பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்புறம் போளூர்ல எங்க அக்கா வூட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க பொண்ணும் இருந்துக்குங்க."

சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் சாமிநாதனுக்கு ஒரு வாய் காபிகூட இறங்காது. இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி மைக்கில் அலறியவருக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதனால் செடி வைத்தார்.

ஜன்னலுக்கு நேரே ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண். நாள் முழுக்க வெயில் விழும் இடம். தமயந்திக்குப் பிடித்த ரோஜாவை நடுவில் வைத்தார். அது தனியாக நிற்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். நர்சரிக்காரர் ஆம்ப்ரோஸிடம் போய், ரோஜாவுக்கு வரன் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செடியின் குணத்தையும் விசாரித்தார். வெயில் தாங்குமா, பக்கத்தில் இருப்பதை அமுக்குமா, ஒரு தடவை பூத்துவிட்டுப் போய்விடுமா, வருஷக்கணக்கில் கூட இருக்குமா என்றெல்லாம் கேட்டார். புதினா வேண்டாம், அது இடத்தையே வளைத்துப் போட்டுவிடும் என்றார் ஆம்ப்ரோஸ். கடைசியில் செவ்வந்தியும் நித்தியகல்யாணியும் தேறின.

"ரெண்டும் ரோஜாகூட சண்டை போடாது சார். தண்ணி மட்டும் பாத்து ஊத்துங்க."

சாமிநாதன் பார்த்துத்தான் ஊற்றினார். செடி மூழ்குகிறதா என்று பார்த்து ஊற்றினார்.

இப்போது மளிகைக் கடையில் சாக்கு வாங்கி வந்து, நனைத்து, செடிகளின் கழுத்து வரை போர்த்தினார். மறுநாள் காலை கௌரம்மா மறுபடியும் "சாக்கு, சாக்கு" என்றார். இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் வேறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். போர்த்தியது போதவில்லை போலிருக்கிறது என்று, குச்சி நட்டு மேலேயும் சாக்கிலேயே பந்தல் போட்டார் சாமிநாதன். வெயிலுக்கென்றே தேடித் தேடி வாங்கிய செடிகள் இருட்டில் நின்றன. நித்தியகல்யாணியின் முகத்தில் கல்யாணக் களையே இல்லை. இலை மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிருத்திகா பந்தலைப் பார்த்தாள்.

"என்னப்பா இது, செடிக்குக் காய்ச்சலா?"

"வீட்டுக்காரம்மாதாம்மா சாக்கு போடச் சொன்னாங்க."

நடந்ததைக் கேட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, அது கன்னடம். சாக்குன்னா போதும்னு அர்த்தம்."

சாமிநாதனுக்குக் கூசிப்போயிற்று. செடியை மூழ்கடிக்கிறானே என்று பாவம் அந்த அம்மாள் கண்ணீர் விட்டுத் தடுத்திருக்கிறார், இவர் சாக்கு வாங்கக் கடைக்கு ஓடியிருக்கிறார். பந்தலைப் பிரித்தார். தண்ணீரை அடியோடு நிறுத்தினார். வாடிய செடிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முறத்தால் விசிறினார். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று செவ்வந்தியிடம் கெஞ்சியதும் உண்டு.

மாடியிலிருந்து, "சாக்கு, சாக்கு."

சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லையே, இன்னும் எது போதும்? யோசித்ததில், செடிகள் நெருக்கமாக இருப்பதைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. செவ்வந்தியைப் பிடுங்கித் தொட்டிக்கு மாற்றினார். அப்போதும் சாக்கு. நித்தியகல்யாணியையும் பிடுங்கினார். வேரிலிருந்த மண்ணை உதறப்போய் அது முகத்திலேயே கொட்டியது. கௌரம்மா மாடித் தரையில் உட்கார்ந்தேவிட்டார். சுவருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது. அதுவும் போதும் போதும் என்றுதான் ஆடியது.

ரோஜா தனியாக நின்றது. அது தனியாக நிற்கக் கூடாது என்று ஆரம்பித்த காரியம் இது. பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாமிநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். தமயந்தி உம்மென்று டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கை மண்ணோடு அப்படியே மாடிக்கு ஏறினார். தமயந்தி ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்று வைத்த செடிகள் அவை, அவள் கிளம்பிப் போய்விடுவாளோ என்ற பயம்தான் தன்னை இப்படி ஆட்டி வைக்கிறது என்று, மனைவியிடம் சொல்ல வராததையெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் கொட்டினார்.

"எல்லாத்தையும் புடுங்கிட்டேம்மா. ரோஜா ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போதும்னா சொல்லிடுங்க."

கௌரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் உங்ககிட்டயா சொன்னேன் சார்? உங்க முதுகுக்குப் பின்னாடி ஜன்னல்ல நின்னுட்டு தமயந்தி தினம் நீங்க செய்றதையெல்லாம் அப்படியே செஞ்சு காட்டுவாங்க, சிரிச்சு சிரிச்சு எனக்கு மூச்சே நின்னுடும், தமிழே வாயில வராம அவங்ககிட்டதான் சாக்கு சாக்குன்னு கெஞ்சினேன். ஊருக்குப் போறீங்களாமேன்னு கேட்டா, 'இந்த மனுஷன வுட்டுட்டு அங்க போய் யாரைப் பாத்துச் சிரிக்கிறது'ன்றாங்க."