மாரியம்மன் எனக்கு வந்ததற்குச் சாட்சி வேண்டும்

மட்டாஞ்சேரி,
விருச்சிகம் 22, திங்கட்கிழமை

கல்பாத்தியில் இருக்கும் என் மூத்த சகோதரி சௌபாக்கியவதி கங்கா அக்காவுக்கு, தம்பி ராமபத்ரன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் கமலாக்ஷியும் க்ஷேமம் என்றுதான் இத்தனை வருஷமும் முதல் வரியில் எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை அப்படி எழுத எனக்கு அதிகாரம் உண்டா என்று தெரியவில்லை. கமலாக்ஷி க்ஷேமம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்னுடையது நிலுவையில் இருக்கிறது. அத்திம்பேரின் முழங்கால், உன் பிரஷர் இரண்டின் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

இதை ஃபோனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். ஃபோனில் சொன்னால் கமலாக்ஷி பின்னாலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். அதோடு எனக்கு வேண்டியது பேச்சு இல்லை, உன் கைப்பட ஒரு கடுதாசி. எதற்கு என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் ஸுப்ரியாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கும்ப மாதத்தில் பிரசவம் என்று உனக்குத் தெரியும். எங்கள் இருவரையும் டெக்ஸாஸில் தன்னோடேயே வைத்துக்கொள்ள அவள் எழுதிப் போட்டிருந்த மனு இத்தனை நாள் தூங்கிவிட்டு இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பம்பாயில் நேர்காணல். அதற்கு முன்னால், அவர்கள் சொல்கிற டாக்டரிடம் போய் உடம்பைக் காட்டி, சீல் வைத்த உறை வாங்க வேண்டும். உறை இல்லாவிட்டால் விசா இல்லை. டாக்டர் தேவராவில் இருக்கிறாள், மாதுரி என்று பேர், நம் ஸுப்ரியாவைவிடச் சின்னவளாக இருப்பாள். எனக்கு இதில் கொஞ்சமும் கவலை இருக்கவில்லை. வெலிங்டன் தீவில் முப்பத்தாறு வருஷம் மிளகுக் கம்பெனியில் காகிதம் பார்த்தவன் நான். புகை போட்டதற்குச் சான்றிதழ், பூச்சி இல்லை என்பதற்குச் சான்றிதழ், ஈரம் அளவுக்கு மேல் இல்லை என்பதற்குச் சான்றிதழ், எல்லாவற்றிலும் வட்டச் சீல், இப்படி எத்தனை கப்பல் சரக்கை அமெரிக்காவுக்கு ஏற்றியிருப்பேன். ஒரு மூட்டை திரும்பி வந்ததில்லை. கடைசி மூட்டை நான்தான், நானும் திரும்பி வரமாட்டேன் என்று கமலாக்ஷியிடம் சொல்லிக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

அங்கே போனால் எக்ஸ்ரே, ரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்த்துவிட்டு, இதுவரை போட்ட ஊசிகளின் ரெக்கார்டு உண்டோ என்று கேட்டாள். எழுபது வயதுக்காரனிடம் ஏது ரெக்கார்டு. இல்லாவிட்டால் வயதுக்குத் தகுந்தபடி இன்னின்ன ஊசி போட்டாக வேண்டும், அது அவர்கள் சட்டம் என்றாள். கமலாக்ஷி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புடவைத் தலைப்பை ஒதுக்குகிற மாதிரி இந்தக் கையையும் அந்தக் கையையும் நீட்டி நாலு ஊசி வாங்கிக்கொண்டு, கால்மணி நேரம் உட்காரச் சொன்ன இடத்தில் நர்ஸிடம் தேங்காய்ச் சம்மந்திப்பொடிக்கு எத்தனை மிளகாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் மூன்று ஊசி மரியாதையாகப் போட்டுக்கொண்டேன். நாலாவது எதற்கு என்று கேட்டேன். சிக்கன்பாக்ஸுக்கு என்றாள். அங்கேதான் அக்கா, நான் கையை மடக்கிக்கொண்டேன். அது எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறிலேயே வந்தாயிற்று, வந்தவனுக்கு எதற்கு ஊசி என்று சொன்னேன்.

அத்தாட்சி உண்டோ என்றாள். இடது புஜத்துத் தழும்பைக் காட்டினேன். அது பெரியம்மைக்குக் குத்தினது, அந்த நோய் இப்போது உலகத்திலேயே இல்லை என்றாள். உலகத்தை விட்டுப் போன நோய்க்குத் தழும்பு இருக்கிறது, என் உடம்புக்கு வந்துபோன நோய்க்கு இல்லை, பார் என் அதிர்ஷ்டத்தை. நெற்றியில் இருக்கிற குழியைக் காட்டினேன். டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கமலாக்ஷி அங்கிருந்து, “அது நம்ம கல்யாண ஊஞ்சல் கொக்கி பட்டதுன்னா” என்றாள். சரி, அப்போது எந்த டாக்டர் பார்த்தார், சீட்டு உண்டோ என்றாள். நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அம்மை போட்டால் எங்களில் அதை வியாதி என்று சொல்வதில்லை, மாரியம்மனே ஆத்துக்கு வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, தலைக்கு ஜலம் விடும்வரை வெளி மனுஷர் யாரையும் உள்ளே விடாமல் இருப்போம், டாக்டரைக் கூப்பிட்டால் அம்மனுக்கு அவமரியாதை. ஆகையால் டாக்டர் சீட்டு இல்லை என்பதே வந்தது அம்மன்தான் என்பதற்கு அத்தாட்சி என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை யாரும் வாதாடியிருக்க முடியாது. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஒண்ணுகில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அல்லெங்கில் ஊசி போடலாம். ரெண்டும் வேண்டான்னா ஃபைல் இங்ஙனே இருக்கும் அங்கிளே” என்றாள்.

ரத்தத்தைப் பார்த்தால் அம்மை வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். நான் ஒப்பவில்லை. மூட்டைக்காரன் சொல்வதை நம்பாதே, குத்தூசியால் குத்தி நாலு மிளகை வெளியே எடுத்துப் பார் என்று புதுசாக வருகிற குமாஸ்தாக்களுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது வாஸ்தவம். ஆனால் நான் மூட்டை இல்லையே. தெய்வம் வந்துபோன உடம்பில் ஊசியை விட்டு, வந்தாயா வரவில்லையா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்பும் வழியில் பஸ் தோப்பும்படியைத் தாண்டியது. கமலாக்ஷி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “நீங்க வரலேன்னா நான் மட்டும் போறேன். பெத்தவளுக்குப் பத்தியம் வெக்க ஒருத்தி போறும்” என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. டிக்கெட் எண்ணிப் பார்க்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் ஆயுளில் நான் எந்தப் பிரச்சினையையும் தீர்த்தது ஒரே வழியில்தான், வட்டச் சீல். மறுநாளே பள்ளுருத்திக்குப் போனேன். அங்கே வீரபாண்டி என்று ஒருவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், தமிழாட்கள் சேர்ந்து கட்டின மாரியம்மன் கோவிலுக்கு அவர்தான் செயலாளர். விஷயத்தைச் சொன்னதும், “நம்ம அம்மன் வந்ததுக்கு நாம எழுதிக் குடுக்காம வேற எவன் குடுப்பான் சாமி” என்று எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கோவில் லெட்டர்பேடில் எழுத ஆரம்பித்தார். மேற்படி ராமபத்ரன் என்பவருக்கு 1966-ஆம் வருடம் அருள்மிகு அம்மன் இறங்கியது உண்மை என்றும், பதினான்கு நாள் தங்கியிருந்து முழுத் திருப்தியுடன் புறப்பட்டதாகவும், அக்காலத்தில் இவரது நடத்தை நன்றாக இருந்ததாகவும் இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது. கீழே கையெழுத்து, வட்டச் சீல், சீலுக்குள் சூலம். கோவில் கட்டினதே தொண்ணூற்றிரண்டில்தானே, அறுபத்தாறுக்கு நீங்கள் எப்படிச் சாட்சி என்று கேட்க வாயெடுத்தேன். கிடைத்த சீலைக் கேள்வி கேட்கக்கூடாது என்று ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு, பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாதுரிக்குத் தமிழ் படிக்க வராது. நானே ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் சொன்னேன். திருப்தியுடன் புறப்பட்ட இடம் வந்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு தன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டாள். சரி, ஜெயித்தோம் என்று நினைத்தேன். இது போதாது, ஆனால் அப்போது கூட இருந்து கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கொப்புளித்தது, எத்தனை நாள் இருந்தது, காய்ச்சல் உண்டா என்று அவர்கள் எழுதித் தரட்டும், படித்துப் பார்க்கிறேன் என்றாள். நல்ல பெண், அக்கா. வேறு யாராவதாக இருந்தால் என்னை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

கூட இருந்து பார்த்தவர்களில் இப்போது இருப்பது நீ ஒருத்திதான். பதினாலு நாளும் என் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தோடு உட்கார்ந்திருந்தவள் நீ. ஆகையால் பின்வருமாறு எழுதவும். அன்று சாயங்காலம் தம்பி ஆற்றங்கரையிலிருந்து ஓடி வந்தான், ராத்திரி சாப்பாட்டுக்குள் கை, கழுத்து, முகம் எல்லாம் கொப்புளித்தது, அம்மா பார்த்துவிட்டு மாரியம்மன் என்றாள். காய்ச்சல் இருந்ததாகக் கண்டிப்பாக எழுதவும், நன்றாக நினைவில்லாவிட்டாலும் சுமாராக இருந்ததாக எழுதவும். அத்திம்பேர் தபால்காரராகச் சேர்ந்து போஸ்ட் மாஸ்டராக ரிட்டயர் ஆனவர், அவரும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் விசேஷம். பழைய சீல் ஏதாவது ஆத்தில் இருக்கிறதா என்றும் கேட்கவும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த அம்மையால் நஷ்டப்பட்டவள் நீ. திருச்சூரிலிருந்து அந்த பேங்க்காரன் குடும்பத்தோடு உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரம் அது. அம்மன் இருக்கிற ஆத்தில் வெளி மனுஷர் காலை வைக்கக்கூடாது என்று அப்பா தந்தி கொடுத்து நிறுத்தினார், அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அவன் பிற்பாடு பெரிய மானேஜராகி கார் எல்லாம் வைத்திருந்தான் என்று கேள்வி. நீ இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அத்திம்பேர் தங்கமானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை, இருந்தாலும் சைக்கிள் சைக்கிள்தானே. நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

எனக்கு இந்த ஊசியில் என்ன இத்தனை பிடிவாதம் என்று கமலாக்ஷி கேட்கிறாள். உனக்குச் சொல்லலாம். நான் வகுப்பில் முதலாவதாக வந்ததில்லை, ஆபீஸில் எனக்கு யாரும் மாலை போட்டதில்லை. ஒரே ஒரு தடவை என் பொருட்டு ஒரு தெருவே குரலைத் தாழ்த்திப் பேசியது. அதையும் ஒரு குழாய் ரத்தத்தில் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டால் என் கணக்கில் என்ன இருக்கிறது. ஆனால் ஸுப்ரியாவின் குழந்தையைக் கையில் வாங்க வேண்டும். அவள் ஒன்பது வருஷம் காத்திருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். குழந்தை பிறந்த அன்றைக்கு நான் மட்டும் இங்கே சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தால் தாங்கவில்லை, அக்கா. உன் கடுதாசி வந்தால் எல்லாம் சரியாகும் என்று பூரண நம்பிக்கை இருக்கிறது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பவும்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரமும் கமலாக்ஷியின் நமஸ்காரமும். உன் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும், இன்னும் பிறக்காத என் பேரக்குழந்தையின் சார்பிலும் சேர்த்து, ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் பத்ரன்

பின்குறிப்பு: இந்தக் கடுதாசி தபாலில் சேருமுன்பே நீ கூப்பிட்டுவிட்டாய். கமலாக்ஷிதான் உனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். மேலே எழுதினதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், எட்டுப் பக்கம், மனசு வரவில்லை. ஆகையால் ஃபோனில் உன்னிடம் பதில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஆற்றங்கரை வழியில் இருந்த சேரு மரத்தில் நான் ஏறினேன். அதன் பால் பட்டால் உடம்பு கொப்புளிக்கும், பக்கத்தில் போகாதே என்று அப்பா நூறு தடவை சொல்லியிருந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் ஆத்துக்கு ஓடி வந்தேன். அதற்குள் அம்மா வேப்பிலையோடு வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டாள். பெற்ற தாயே கும்பிடும்போது, மரமேறினேன் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் இளநீர் வந்தது. மூன்றாம் நாளுக்குள் நானே நம்பிவிட்டேன். ஐம்பத்தொன்பது வருஷமாக நம்பிக்கொண்டும் இருந்தேன், டாக்டர் ரத்தம் என்று சொல்லும்வரைக்கும்.

நீ என்னடாவென்றால், சேருப் பால் கறை பட்ட என் சட்டையை அன்றைக்கே யாருக்கும் தெரியாமல் துவைத்துப் போட்டேன் என்கிறாய். சேருவின் விஷம் இறங்க, ஊர் வழக்கப்படி தான்னி மரத்தைச் சுற்ற வேண்டும், எனக்கோ எழுந்திருக்க முடியவில்லை என்று, விடியுமுன் போய் எனக்குப் பதிலாக நீயே ஏழு சுற்றுச் சுற்றினாயாம். தெரிந்திருந்தும் ஏன் அக்கா அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது.

“அந்த பேங்க்காரன் வேண்டாம்னு சொன்னா அன்னிக்கு அந்த ஆத்துல கேக்க யாருக்குடா காது இருந்தது? நித்தியம் தபால் கொண்டு வர சைக்கிளைத்தான் நான் பார்த்துண்டிருந்தேன். மாரியம்மன் வந்திருக்கான்னு அம்மா சொன்னா. நான் எதுக்கு இல்லைங்கணும்?”

இன்று காலை தேவராவுக்குப் போனேன். ரத்தம் வேண்டாம், ஊசியே போடு என்று கையை நீட்டினேன். அம்மன் என்ன ஆனாள் என்று மாதுரி கேட்டாள். சரக்கு விவரம் ஏற்றின இடத்திலேயே தப்பாக எழுதியிருக்கிறது, இப்போதுதான் தெரிந்தது என்றேன். குத்தினதே தெரியவில்லை. உறைக்குச் சீல் வைத்தாயிற்று, கமலாக்ஷி பெட்டியில் எனக்கும் இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வைத்துவிட்டாள். நீ சாட்சிக் கடுதாசி எழுத வேண்டாம்.

வீரபாண்டியின் சான்றிதழை மட்டும் நான் கிழிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் அம்மன் நம் ஆத்துக்கு வந்தது உண்மை, முழுத் திருப்தியுடன் புறப்பட்டதும் உண்மை. நாளைக்குப் பள்ளுருத்திக்குப் போய் பேரை மட்டும் கங்கா என்று மாற்றி எழுதி வாங்கி உனக்கு அனுப்புகிறேன். அத்திம்பேரிடம் காட்டவும்.