கழுவக்கூடாத ஒரு மணித்தியாலம்

தாதியாக இருப்பதில் ஒரு தொல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், கை கழுவும் முறையை ஒரு படி விடாமல் செய்து காட்டுவோம். (என் கல்யாண வீடியோவில், தாலி ஏறிய கையோடு நான் தண்ணீர்க்குழாயைத் தேடுவது தெளிவாகத் தெரியும்.) அந்தப் பழக்கம்தான் கண்டியில் என் மானத்தை வாங்கியது.

மனநலத் தாதிகளுக்கான நடத்தைச் சிகிச்சைப் பயிற்சி. படித்ததை ஒரு நோயாளியோடு செய்து காட்ட வேண்டும். பயிற்சி சிஸ்டர் பக்கத்தில் இருந்து மார்க் போட்டு, பாஸானால் 'சித்தி' என்று எழுதுவார். எனக்கு வந்தவர் நாவலப்பிட்டியில் புடவைக்கடை வைத்திருக்கும் கமலா அக்கா. அழுக்கென்றால் பயம். கழுவிக் கழுவிக் கை வெடித்திருந்தது. ஏழு வயது மகளுக்குத் தலை பின்னிவிட்டே ஒரு வருடமாகிறது என்று சொல்லி அழுதார்.

செய்ய வேண்டியது இதுதான்: குப்பை வாளி மூடியைத் தொட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் கை கழுவாமல் இருப்பது. பயம் தானாக இறங்கும்.

"நீங்களும் தொடுங்க மிஸ். அப்பதான் நான் தொடுவேன்."

"இதென்னக்கா பெரிய விஷயம்!" என்றேன். (வாய்க்கொழுப்பு.)

தொட்டோம். அக்கா கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதினேன். ஒன்பது. கொஞ்ச நேரத்தில் எட்டு. சிஸ்டர் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே பெருமையோடு இன்னொரு படிவம் எடுக்க எழுந்து போனவள், வழியில் சிங்க்கைக் கண்டதும் நின்றுவிட்டேன். சவர்க்காரம், விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது.

"மிஸ்! என்ன செய்றீங்க?"

சிஸ்டர் பேனையை மூடினார். அக்கா கதிரையை விட்டு எழுந்தார். போச்சு, இனி இவர் யாரையும் நம்பமாட்டார், இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நேரே வந்து குழாயை மூடினார். என் ஈரக் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இருக்கிற இந்தக் கழுவுற வருத்தம் உங்களுக்கும் இருக்கா? பயப்படாதீங்க மிஸ். வாங்க, ரெண்டு பேரும் முதல்ல இருந்து உக்காருவோம்."

அந்த ஒரு மணித்தியாலமும் அவர் என் கையை விடவில்லை. நான் சிங்க் பக்கம் திரும்பும்போதெல்லாம், "பத்துக்கு எத்தனை மிஸ்?" என்று கேட்டார். தன் பயம் மூன்றுக்கு வந்ததை அவரே ஆச்சரியமாகச் சொன்னார். சில வாரங்களில் அவருடைய மகள் இரட்டைப் பின்னலோடு வந்து நின்றாள். அதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த வேலையில் எனக்குக் கிடைத்ததில்லை.

என் மார்க் தாளில் சிஸ்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நோயாளி சித்தி. தாதி மீண்டும் வரவும்."

மீண்டும் போய் நானும் சித்தியடைந்தேன். அது எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ரொட்டி கருகி, தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பல் மட்டும் தப்பிய நாட்களில் என் கணவர் தட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்: "சம்பல் சித்தி. தாதி மீண்டும் வரவும்."