மஞ்சள் அலர்ட்டும் பதினேழு படிகளும்

மழையிடம் தோற்றவர்கள் பெங்களூரில் லட்சம் பேர் இருப்பார்கள். தோற்ற மறுநாளே சரியாக மூன்று மணிக்கு, போனும் கையுமாக வாசலில் வந்து நின்று, மறுபடியும் அதனுடன் மல்லுக்கு நின்ற ஒரே மனிதர் எங்கள் ஜோகுபாளையம் மஞ்சள் அலர்ட்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீடு அவருடையது. கட்டும்போது அது தெருவைவிட இரண்டு படி உயரமாக இருந்ததாம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதிதைப் போட்டுப் போட்டு, ரோடு வளர்ந்தது, வீடு குள்ளமானது. இப்போது அவர் வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். கோடை மழையில் தெருமுனைச் சாக்கடை பொங்கினால் தண்ணீரும் அதே இரண்டு படியில் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாத விருந்தாளி மாதிரி உள்ளே வந்துவிடும்.

உள்ளே அவர் மனைவி சரோஜா அக்கா படுத்திருப்பார். பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சு குழறும். சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், போனில் ‘மழை இல்லை’ என்று போட்டிருந்ததை நம்பி இவர் மருந்து வாங்கப் போனார். திரும்புவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. வந்து பார்த்தால் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அக்காவின் கை அதில் தொங்குகிறது. கூப்பிடக் குரல் எழும்பாமல் அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அன்றோடு ஊர் உலகத்து வானிலை அறிக்கைகளையெல்லாம் மஞ்சள் அலர்ட் தலைமுழுகினார்.

மனிதர் இருபத்தெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் போல்ட்டுகளை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் ‘ரிஜெக்ட்’ என்று தூக்கிப் போட்டவர். அதே கையோடு இப்போது வானிலையை அளக்க ஆரம்பித்தார்.

“மூணு ஆப் வெச்சிருக்கேன் சார். ஒண்ணு வெயிலுங்குது. ஒண்ணு இடியோட மழைங்குது. இன்னொண்ணு, மொதல்ல என்னை அப்டேட் பண்ணுங்குது. எதைக் கேக்கறது?”

“எழுபது பர்சன்ட் மழைன்னு டிவியில சொன்னாங்களே?” என்றேன்.

“உங்க வீட்டுக்கு மொத்தம் பதினேழு படி. எழுபது பர்சன்ட்னா சரோஜாவைப் பன்னெண்டாவது படி வரைக்கும் தூக்கிட்டு வந்து அங்கியே வெச்சிடலாமா?”

விஷயம் அந்தப் பதினேழு படியில்தான் இருந்தது. மழை வருகிறதென்றால் அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துப்பட்டியால் கட்டி, மாடியில் என் வீட்டுக்குத் தூக்கிவர வேண்டும். நாற்காலிக்கு நாலு கால், காலுக்கு ஒரு ஆள். நான், ஆட்டோ கலீல் பாய், பக்கத்துக் கடை மஞ்சுநாத், நான்காவதாக இவர்.

இதற்காகவே தெரு வாட்ஸ்அப் குழுவில் அவர் நிறம் பிரித்து அறிவிப்பார். மஞ்சள் என்றால் கொடியில் இருக்கும் துணியை எடுங்கள். ஆரஞ்சு என்றால் ஆண்கள் யாரும் வெளியே போகாதீர்கள். சிவப்பு என்றால் நாற்காலி. மஞ்சள் நாளுக்கு இரண்டு முறையாவது வரும் என்பதால் அதுவே அவர் பெயராகி நிலைத்துவிட்டது.

அவருக்கென்று சொந்த வானிலை நிலையங்கள் இருந்தன. எல்லாம் உறவுக்காரர்கள். கெங்கேரியில் ஒரு சித்தி மகன், எலகங்காவில் தங்கை. எலெக்ட்ரானிக் சிட்டியில் மச்சான், அதாவது சரோஜா அக்காவின் தம்பி. நீலசந்திரா வீட்டுப் பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டு அவர்கள் இருவரும் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லை. மழை வந்து அதை மாற்றியது. ஆனால் மழைப் பேச்சு மட்டும்தான்.

“மேம்பாலம் தெரியுதா?”

“தெரியல மாமா. கருப்பா வருது.”

“சரி, வெக்கிறேன்.”

இவ்வளவுதான். நலமா, சாப்பிட்டாச்சா, ஒன்றும் கிடையாது. வானத்தைத் தவிர இருவரும் வேறெதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இத்தனை நிலையங்கள் இருந்தும் அவர் கணிப்பு என்னவோ அலசூர் ஏரியைத் தாண்டியதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கொட்டும், எங்கள் தெருவில் புழுதி பறக்கும். போன வருஷ மே மாதத்தில் சிவப்பு அலர்ட் வந்த நாட்களில் முக்கால்வாசி நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. “மளே பரல்ல சார், சும்னே தூக்கறோம்” என்று, மழை வராது, வெட்டியாகத் தூக்குகிறோம் என்பதைக் கன்னடத்தில் முனகிக்கொண்டே மஞ்சுநாத் ஒரு காலைப் பிடிப்பார். ஒருநாள் அவர் கடையில் இல்லை. கலீல் பாயின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த சவாரி, மெட்ரோவுக்கு நேரமாகிறது என்று புலம்பிக்கொண்டே இறங்கிவந்து நாலாவது காலைப் பிடித்தார். பெயர்கூடச் சொல்லாமல் போனார், புண்ணியவான்.

மாடிக்கு வந்ததும் அக்காவை ஜன்னலோரம் வைப்போம். கீழ்வீட்டு ஜன்னலில் தெரிவது ரோட்டின் விளிம்பும் பைக் சக்கரங்களும்தான். என் ஜன்னலில் தெருவே தெரியும். காய்கறி வண்டிக்காரரைப் பார்த்தால் அக்கா இடது கையை ஆட்டுவார். அவரும் ஒரு முள்ளங்கியைத் தூக்கி ஆட்டுவார். மழை வராத வானத்தை மஞ்சள் அலர்ட் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு முன்கோபம் அதிகம். முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. வரிசையாக நாலாவது நாள் வெயிலில் தூக்கியபோது, படியிலேயே வெடித்துவிட்டேன்.

“என்னங்க விளையாடறீங்களா? எங்களுக்கு வேற வேலை இல்லையா? நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க.”

நாற்காலியில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் மூன்று மணிக்குக் குழுவில் ஒரு நிறமும் வரவில்லை. டிவியில் ‘வறண்ட வானிலை’ என்றார்கள். நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன். நாலரைக்கு வானம் அறுந்து விழுந்தது. ஆலங்கட்டி ஜன்னலில் அடித்த சத்தத்தில் எழுந்து, பதினேழு படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு படியிலும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. உள்ளே முழங்காலளவு நீரில் மஞ்சள் அலர்ட், அக்காவைத் தனியாளாக நெஞ்சோடு தூக்கிப் பிடித்தபடி நின்றார். “சார், நிச்சயமாத் தெரியல, அதான் கூப்பிடல” என்றார்.

அந்த வார்த்தையை இன்றும் என்னால் செரிக்க முடியவில்லை.

கலீல் பாயும் மஞ்சுநாத்தும் நனைந்துகொண்டே ஓடிவந்தார்கள். மேலே கொண்டுபோன பிறகு என் மனைவி அக்காவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, மேஜையில் இருந்த மஞ்சள் அலர்ட்டின் போன் அடித்தது. அவர் கீழே தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி மச்சான்.

“மாமா, கருப்பா வருதுன்னு ரெண்டு மணிக்கே சொன்னேனே, அக்காவைத் தூக்கிட்டீங்களா? இத்தினி நாளா வெயிலு காயுது வெயிலு காயுதுன்னு தலையா அடிச்சிக்கிட்டேன், அப்பல்லாம் தூக்கினீங்க!”

போனை வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. எல்லா நிலையமும் வெயில் என்று சொன்ன நாட்களில்தான் சிவப்பு வந்திருக்கிறது. அக்கா தெருவைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். ஒரு ஜன்னலுக்காக நாலு பேரை வேலையை விட்டு வரச்சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. மழைக்காக என்றால் கேட்கலாம். மழை வராவிட்டால் பழி வானிலைக்கு.

கலீல் பாயிடம் மெல்லச் சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, “க்யா சார், உங்களுக்கு இப்பதான் தெரியுதா? நமக்குப் போன வருஷமே தெரியும். மழைன்னாலும் வெயிலுன்னாலும் அக்கா வெயிட்டு ஒண்ணுதான?” என்றார். மஞ்சுநாத் என்னைப் பார்க்காமல் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரிலேயே மக்கு நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. மூன்று மணி ஆனால் நாலு பேரும் கூடுவோம், நாற்காலி ஏறும். அவர் மட்டும் கௌரவத்துக்காக, “இன்னிக்குக் கண்டிப்பா வரும் சார்” என்பார். “ஆமாமா, பலமா வரும் போலிருக்கு” என்று நான் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன்.

ஜனவரியில், ஒரு சொட்டு மழையில்லாத காலை நேரத்தில், சரோஜா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். மச்சான் வந்திருந்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னைப் பார்த்ததும் மஞ்சள் அலர்ட், “எந்த அலர்ட்டும் இல்லியே சார்” என்றார்.

இந்த வருஷமும் மே மாதம் வந்துவிட்டது. வெயில் என்கிறார்கள், கொட்டுகிறது. கொட்டும் என்கிறார்கள், காய்கிறது. குழு மட்டும் ஊமையாகக் கிடக்கிறது. எங்கள் வீட்டுத் துணி மூன்று முறை நனைந்துவிட்டது, எடுக்கச் சொல்ல ஆளில்லை. தண்ணீர் வந்தாலும் அவர் கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மஞ்சுநாத் சொன்னார்.

போன வாரம் ஒருநாள் மூன்று மணிக்கு எட்டிப்பார்த்தேன். பளிச்சென்ற வெயில். கீழே வாசலில் அவர் நின்று, வானத்தை அல்ல, என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக் குழுவில் தட்டினேன்: ‘ரெட் அலர்ட். கீழ்வீட்டுக்காரர் உடனே மேலே வரவும்.’

வந்தார். பதினேழு படியும் ஏறி, அந்த வெயிலில் கையில் குடையோடு.

“எங்க சார் மழை?”

“வரும். உக்காருங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன். காய்கறி வண்டிக்காரர் மேலே பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, ஒரு முள்ளங்கியைத் தூக்கி ஆட்டினார். இவரும் இடது கையை ஆட்டினார்.

அன்றைக்கு மழை வரவில்லை. மறுநாளும் மூன்று மணிக்கு அலர்ட் அனுப்பினேன். மழைக்காலம் முடிந்த பிறகும் அனுப்புவதாக இருக்கிறேன்.